மிகை அளவீடும் பிழைச் சீராக்கமும்: புதுக்கோட்டை வட்டாரக் கோயிற்சுவர் நில அளவுகோல்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கோயிற் சுவர்களிலும் அதிட்டானங்களிலும் வெட்டப்பட்டுள்ள நில அளவுகோல்களின் நீளம், இடைக்காலத் தமிழகத்தின் நிலப்பரப்பையும் வரியையும் கணக்கிடுவதற்கு அடிப்படையாக அமைகிறது. ஒரே கோலை இன்று அளப்போர் ஒருவருக்கொருவர் சற்றே வேறுபட்ட எண்களைப் பெறுகின்றனர். அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்வதும், எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி காண்பதும் ஆய்வாளரிடையே காணப்படும் வழக்கங்கள். நில அளவையியலும் புவிப்புற அளவையியலும் இச்சிக்கலை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டு, மீச்சிறு வர்க்க முறை என்னும் தீர்வைக் கண்டன. அம்முறையின் அடிப்படையைத் தமிழாய்வாளர்க்கு உரிய எடுத்துக்காட்டுகளால் விளக்கி, கோல் ஆய்வில் அதனைக் கையாளும் நெறியையும், அளவுகளை இணைக்கக் கூடாத இடத்தையும் இக்கட்டுரை சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்

மிகை அளவீடு, மூடுபிழை, எச்சம், நிறை, மீச்சிறு வர்க்க முறை, நில அளவுகோல், குழி, முக்கோண அளவை.

1. முன்னுரை

தமிழ் இலக்கண மரபில் மிகைபடக் கூறல் நூற்குற்றங்களுள் ஒன்று. கூறியது கூறலும் அவ்வாறே. சொல்ல வேண்டியதைச் சொன்ன பின் மீண்டும் சொல்வது நூலுக்கு இழுக்கு என்பது அம்மரபின் கருத்து. எனினும், ஒரு சொல் மிகையாக நிற்கக் கண்டவிடத்து உரையாசிரியர் அதனை உடனே தள்ளிவிடுவதில்லை. அம்மிகையால் பெறப்படும் வேறொரு பொருள் உண்டா என ஆராய்ந்த பின்னரே முடிவு கூறுவர்.

அளவையியலில் மிகைக்கு உரிய இடம் இவ்வுரைமரபின் பார்வையோடு ஒத்தது. ஒரு முக்கோணத்தின் இரு கோணங்களை அளந்தால் மூன்றாவது கோணம் தானே பெறப்படும். ஆகவே மூன்றாவதையும் அளப்பது மிகை. ஆனால் அம்மிகை இல்லையேல் முதலிரு அளவுகளில் பிழை உள்ளதா என்பதை அறிய வழியே இல்லை. தேவைக்கு மேற்பட்ட அளவீடு பிழையை வெளிப்படுத்துகிறது. வெளிப்பட்ட பிழையை எல்லா அளவுகளுக்கும் முறையாகப் பகிர்ந்தளிக்கக் கணிதம் துணைசெய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே பிழைச் சீராக்கம் எனப்படும்.

புதுக்கோட்டை மாவட்டம் இதனைப் பேசுதற்கு உரிய களமாகும். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனியரசாக விளங்கி, 1948ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக உருவான இப்பகுதியின் கல்வெட்டுகள் தனியரசுக் காலத்திலேயே தொகுக்கப்பட்டு 1929ஆம் ஆண்டில் மூலபாடமாக வெளிவந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைக் கொண்ட அத்தொகுப்பில் நிலக்கொடையும் நிலவிற்பனையும் பற்றியவை மிகுதி. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் இடைப்பட்ட பகுதியாதலால் இருநாட்டு அளவை வழக்குகளும் இங்குக் கலந்து காணப்படுகின்றன.

2. கோலும் குழியும்

இடைக்கால நில அளவையின் அடிப்படை அலகு கோல். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது சோழமண்டலத்தில் பரவலான வழக்கு. ஒரு மாவுக்குரிய குழிகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறியதும் உண்டு. கோலின் நீளமும் ஒன்றாக இருக்கவில்லை. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெட்டடிக் கோல், இருபத்துநாலடிக் கோல் எனப் பலவகைக் கோல்கள் கல்வெட்டுகளில் சுட்டப்படுகின்றன. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1001ஆம் ஆண்டளவில் தொடங்கிய நில அளவையும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கி.பி. 1086ஆம் ஆண்டில் நடந்த மறு அளவையும் பரவலாக அறியப்பட்டவை. இடைக்கால நில அளவுகளை எ. சுப்பராயலு முதலிய அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

கோல் மரத்தாலோ மூங்கிலாலோ ஆனதாதலால் தேயும், வளையும், மாற்றவும் படும். எனவே ஊரார் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதற்காகக் கோயிற் சுவரிலோ அதிட்டானத்திலோ அதன் நீளம் கல்லில் வெட்டிவைக்கப்பட்டது. பெரும்பாலும் ஒரு கிடைக்கோடும் அதன் இரு முனைகளில் கூட்டற்குறி போன்ற அடையாளங்களும் காணப்படும். சிலவற்றில் நடுவிலும் குறி உண்டு. இன்னது இன்ன கோல் என்னும் எழுத்துப்பொறிப்போடு அமைந்தவையும் உள. தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில்களிலும் இத்தகைய கோல்கள் கிடைக்கின்றன.

கோலின் நீளத்தில் நேரும் சிறு பிழை பரப்பில் இரு மடங்காகும். பரப்பு, கோல் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். கோலில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் குழியில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பிழைக்கும். அப்பிழை மாவுக்கும் வேலிக்கும் அப்படியே செல்லும். வேலிக்கு இத்தனை கலம் நெல் எனக் கல்வெட்டு கூறும் வரியை இன்றைய எக்டேர்க் கணக்குக்கு மாற்றும்போதும் அதே பிழை உடன்வரும். ஒரு நாட்டின் வரிச்சுமை மற்றொரு நாட்டினதைவிட மிகுதியா குறைவா என்னும் வரலாற்று முடிவு, இறுதியில் ஒரு சுவர்க்கோட்டின் மேல் வைக்கப்பட்ட நாடாவைச் சார்ந்து நிற்கிறது.

3. பிழையின் வகைகள்

அளவீட்டுப் பிழைகளை இயற்பியலார் மூவகையாகப் பகுப்பர். முதலாவது மொத்தப் பிழை. 367 என்பதை 376 என மாற்றி எழுதுதல், நாடாவின் முதல் எண்ணைத் தவறாகக் கொள்ளுதல் போன்ற கவனக்குறைவுகள் இதனுள் அடங்கும். இரண்டாவது முறையான பிழை. நாடா நீண்டிருப்பின் அதனால் அளக்கப்படும் ஒவ்வொரு கோலும் ஒரே திசையில் பிழைபடும். நூறு முறை அளந்தாலும் அப்பிழை குறையாது. முனைக்குறி சிதைந்து உள்வாங்கியிருப்பதும் இவ்வகையே. மூன்றாவது ஒழுங்கற்ற பிழை. குறியின் நடுவைக் கண் மதிப்பிடுவதிலும் நாடாவை இழுக்கும் விசையிலும் ஒவ்வொரு முறையும் நேரும் சிறு ஏற்ற இறக்கம் இது. கூடுதலாகவும் குறைவாகவும் வருவதால் பல அளவுகளை இணைக்கும்போது ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்யும்.

மிகை அளவீடு மொத்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஒழுங்கற்ற பிழையைக் குறைக்கும். முறையான பிழையை அது குறைக்க வேண்டுமாயின், கருவியையும் முறையையும் மாற்றி அளந்திருக்க வேண்டும். இவ்வரம்பை மறந்தவிடத்துச் சராசரி ஏமாற்றத்தையே தரும்.

4. இணைத்தல் என்னும் கருத்தின் வரலாறு

அளவுகள் பலவாயின் அவற்றை இணைக்கலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றினும், பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர்க்கு அது அத்துணை எளிதாகத் தோன்றவில்லை. கணிதப் பேரறிஞர் ஆய்லர், 1749ஆம் ஆண்டில் வியாழன், சனி ஆகிய கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்தபோது பல அளவீடுகளைத் தம் முன் வைத்திருந்தும் அவற்றை ஒருங்கிணைக்கத் தயங்கினார். பல அளவுகளைக் கலந்தால் பிழைகளும் பெருகும் என்பது அவர் அச்சம். அதற்கு அடுத்த ஆண்டிலேயே டொபையாஸ் மேயர், நிலவின் அசைவு பற்றிய 27 சமன்பாடுகளை ஒன்பது ஒன்பதாக மூன்று குழுக்களாக்கிக் கூட்டி, மூன்று அறியாக் கணியங்களுக்கு விடை கண்டார். தாமே அளந்தவராதலின் எல்லா அளவுகளும் ஒத்த தரத்தன என்பதை அவர் அறிந்திருந்தார். அவர்தம் துணிவுக்கு அவ்வறிவே அடிப்படை.

நெடுவரை வில்லின் நீளத்தை அளந்து புவியின் வடிவைக் காணும் முயற்சி இக்கருத்தை மேலும் வளர்த்தது. அத்துறையின் அளவுகளைக் கொண்டே பாஸ்கோவிச் தம் இணைப்பு முறையை வகுத்தார். 1805ஆம் ஆண்டில் லெஜாண்டர், வால்மீன் பாதைகள் பற்றிய தம் நூலின் பிற்சேர்க்கையில் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டு, பிரான்சு நாட்டு நெடுவரை வில் அளவுகளையே அதற்கு எடுத்துக்காட்டாக்கினார். 1809ஆம் ஆண்டில் காஸ், நிகழ்தகவுக் கோட்பாட்டின் அடிப்படையில் அம்முறைக்கு விளக்கம் தந்ததோடு, 1795 முதலே தாம் அதனைக் கையாண்டு வந்ததாகவும் கூறினார். யார் முதல்வர் என்னும் பூசல் எழுந்தபோதும் முறையின் பயனைப் பற்றி ஐயம் எழவில்லை.

5. தமிழ் மண்ணில் முக்கோண அளவை

லெஜாண்டரின் நூல் வெளிவருவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலி பெட்டிகளின் மேல் தாங்கப்பட்டு, வெப்பத்தால் நேரும் நீட்சிக்கும் கணக்கு வைக்கப்பட்டது. அவ்வடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்து கோணங்களை அளந்து முக்கோணம் மேல் முக்கோணமாக நாடெங்கும் விரிந்ததே இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை.

அடிக்கோடு ஒன்றும் கோணங்களும் இருந்தால் எல்லாத் தொலைவுகளையும் கணக்கிட்டுவிடலாம். ஆயினும் லாம்டன் அதனோடு நிற்கவில்லை. பெங்களூர், கோவை, திருநெல்வேலி ஆகிய பகுதிகளிலும் அடிக்கோடுகளை நேரே அளந்தார். முக்கோணங்களின் வழியே கணித்துப் பெற்ற நீளத்தையும் சங்கிலியால் அளந்த நீளத்தையும் ஒப்பிடுவதே நோக்கம். தேவைக்கு மேற்பட்ட அந்த அடிக்கோடுகளே முழுவலையின் நம்பகத்துக்கும் சான்றாயின.

முறையான பிழைக்கும் தமிழ் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோயிற் கோபுரங்கள் அளவை நிலையங்களாயின. 1808ஆம் ஆண்டில் தஞ்சாவூரில், அரை டன் எடைகொண்ட பெரிய தியோடலைட் கோயிற் கோபுரத்தின் மீது ஏற்றப்பட்டபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதன் வட்டு உருக்குலைந்தது. லாம்டன் பல வாரங்கள் முயன்று அதனைச் சீர்செய்தார். உருக்குலைந்த வட்டில் ஒரே இடத்தில் எத்தனை முறை கோணத்தைப் படித்தாலும் பிழை நீங்காது. வட்டின் வெவ்வேறு பகுதிகளில் அதே கோணத்தை மாறிமாறிப் படித்தால் மட்டுமே அப்பிழை வெளிப்படும், குறையும். இவ்வாறு மாற்றிப் படிப்பது அளவையாளரின் நிலையான நெறியாயிற்று.

லாம்டன் காலத்தில் முக்கோணங்களின் பிழை பெரும்பாலும் அளவையாளரின் தேர்ந்த மதிப்பீட்டைக் கொண்டே பகிரப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாக்கர் தலைமையில் மீச்சிறு வர்க்க முறை முழுவலைக்கும் கையாளப்பட்டது. கையாற் கணக்கிட்ட காலமாதலின் நாடு முழுவதன் சமன்பாடுகளையும் ஒருசேரத் தீர்ப்பது இயலவில்லை. எனவே வலை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் தமிழ்நாட்டை உள்ளடக்கிய தென்பகுதி தெற்கு முக்கோணம் எனப் பெயர்பெற்றது.

முறை செயற்படும் விதத்தைப் புதுக்கோட்டை நிலத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் ஆகிய மூன்று உயரங்களை முனைகளாகக் கொண்ட முக்கோணத்தில் மூன்று கோணங்களும் அளக்கப்படுவதாகக் கொள்வோம். புவி வளைந்திருத்தலால் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைக்குச் சற்றே மிகும். ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விநாடி என்பது கணக்கு. இம்முக்கோணத்துக்கு அது ஒரு விநாடிக்கும் குறைவு. அதனைக் கழித்த பின்னும் கூட்டுத்தொகை 6 விநாடி மிகுமாயின் அதுவே மூடுபிழை. மூன்று கோணங்களும் ஒத்த கவனத்தோடு அளக்கப்பட்டவை எனின் ஒவ்வொன்றிலும் 2 விநாடி குறைக்கப்படும். திருமயத்துக் கோணம் மட்டும் பிறவற்றில் பாதி எண்ணிக்கையில் அளக்கப்பட்டது எனின், அதற்கு 3 விநாடியும் ஏனையவற்றுக்கு ஒன்றரை விநாடியுமாகத் திருத்தம் செல்லும். நம்பகம் குறைந்த அளவு மிகுதியான திருத்தத்தை ஏற்கிறது.

6. மீச்சிறு வர்க்க முறை: ஒரு கோலின் எடுத்துக்காட்டு

இம்முறையைக் கோயிற்சுவர்க் கோலுக்குப் பொருத்திக் காட்டலாம். கீழ்வரும் எண்கள் அனைத்தும் விளக்கத்துக்காகக் கற்பிக்கப்பட்டவை; எந்தக் கோயிலின் களஅளவும் அல்ல.

இரு முனைகளிலும் நடுவிலும் குறி கொண்ட ஒரு கோலை ஆய்வாளர் மூன்று வகையில் அளக்கிறார். இடப்பகுதி 183.4 செ.மீ. வலப்பகுதி 184.0 செ.மீ. முழுக்கோல் 367.1 செ.மீ. இரு பகுதிகளையும் கூட்டினால் 367.4 செ.மீ. வருகிறது. முழு அளவுக்கும் இதற்கும் இடையே 0.3 செ.மீ. மூடுபிழை உள்ளது. இரண்டு அளவுகள் போதுமாயிருக்க மூன்று உள்ளமையால் இங்கு மிகை ஒன்று.

பிழையை நீக்கும் வழிகள் பல. முழுக்கோலின் அளவை மட்டும் 0.3 கூட்டலாம், இடப்பகுதியில் மட்டும் 0.3 குறைக்கலாம். எதனைச் செய்தாலும் கூட்டல் பொருந்திவிடும். ஆனால் அவ்வாறு செய்வதற்கு ஆய்வாளரின் விருப்பைத் தவிர வேறு காரணம் இராது. மீச்சிறு வர்க்க முறை ஒரே ஒரு கட்டளையை விதிக்கிறது: எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டிவரும் தொகை இயன்றவரை சிறிதாக இருத்தல் வேண்டும். எச்சம் என்பது சீராக்கிய அளவுக்கும் அளந்த அளவுக்கும் உள்ள வேறுபாடு. முழுத்திருத்தத்தையும் ஒன்றிலேயே சுமத்தினால் அத்தொகை 0.09. மூன்றிலும் 0.1 செ.மீ. வீதம் பகிர்ந்தால் 0.03. இதனினும் குறைந்த தொகை எவ்வகைப் பகிர்விலும் கிட்டாது. ஆகவே சீராக்கிய அளவுகள் 183.3, 183.9, 367.2 செ.மீ. ஆகும். முதலிரண்டும் கூடி மூன்றாவதற்குச் சரியாகின்றன.

பயன் இத்துடன் முடிவதில்லை. எச்சங்களின் வர்க்கத்தொகையை மிகையின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் தனி அளவீட்டின் திட்டப்பிழை கிடைக்கும். இங்கு அது ஏறத்தாழ 0.17 செ.மீ. சீராக்கிய முழுக்கோலின் திட்டப்பிழை அதனினும் குறைந்து ஏறத்தாழ 0.14 செ.மீ. ஆகிறது. மிகை ஒன்றேயாதலின் இம்மதிப்பீடு உறுதி குறைந்தது. மிகை பெருகப் பெருக உறுதியும் பெருகும். கோலின் நீளம் 367.2 செ.மீ. என்பதோடு நில்லாமல் அவ்வெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் முறையே கூறுகிறது.

கோல்கள் இரண்டாயினும் அடிப்படை அலகு ஒன்றாயின் அவற்றையும் இணைக்கலாம். ஒரே கோயிலில் ஒரே காலத்துப் பன்னிரு சாண் கோல் 275.0 செ.மீ. என்றும், பதினாறு சாண் கோல் 367.2 செ.மீ. என்றும் அளக்கப்பட்டதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே சாணின் மடங்குகள். தனித்தனியே வகுத்தால் சாண் முறையே 22.917, 22.950 செ.மீ. ஆகும், இவற்றின் எளிய சராசரி 22.933. மீச்சிறு வர்க்க முறையில் ஒவ்வோர் அளவையும் அதன் சாண் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, சாண் எண்ணிக்கைகளின் வர்க்கத்தொகையான 400ஆல் வகுத்தால் 22.938 செ.மீ. கிடைக்கும். நீண்ட கோலில் முனைப்பிழை பல சாண்களுக்குப் பகிரப்படுவதால் அக்கோல் மிகுந்த செல்வாக்குப் பெறுகிறது. வேறுபாடு சிறிதேயாயினும் அதன் காரணம் தெளிவானது.

7. நிறையிட்டு இணைத்தல்

எல்லா அளவுகளும் ஒத்த தரத்தன அல்ல. ஒரே கோலை முந்தைய ஆய்வாளர் ஒருவர் துணிநாடாவால் அளந்து 366.8 செ.மீ. என்றும், பிந்தையவர் எஃகு நாடாவால் அளந்து 367.3 செ.மீ. என்றும் பதிவு செய்துள்ளனர் எனக் கொள்வோம். முதல் அளவின் திட்டப்பிழை 0.6, இரண்டாவதன் திட்டப்பிழை 0.2 செ.மீ. எனின், நிறை என்பது திட்டப்பிழையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். எனவே முதலாவதற்கு ஒரு பங்கும் இரண்டாவதற்கு ஒன்பது பங்கும் நிறை உண்டு. நிறையிட்ட சராசரி 367.25 செ.மீ. அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 0.19 செ.மீ.

நம்பகம் குறைந்த அளவும் தன் நிறைக்கேற்ற பங்கைத் தருகிறது என்பது இங்குக் கருதத்தக்கது. முந்தையவர் அளவு பழையது என ஒதுக்கப்படவுமில்லை. மூத்தவர் அளவு என முதன்மை பெறவுமில்லை. அளந்தவரின் பெயருக்கு இக்கணக்கில் இடமில்லை. அளந்த விதத்துக்கே இடம்.

8. இணைக்கக் கூடாத அளவுகள்

மீச்சிறு வர்க்க முறை எந்த எண்களைக் கொடுத்தாலும் ஒரு விடையைத் தந்துவிடும். எனவே, கொடுக்கப்படும் அளவுகள் ஒரே பொருளின் அளவுகள்தாமா என்பதை முன்னரே தேர்ந்து தெளிதல் வேண்டும். கோல் ஆய்வில் இதுவே தலையாய சிக்கல்.

ஓர் ஊரில் பதினாறு சாண் கோல் 367.2 செ.மீ. என்றும் திட்டப்பிழை 0.2 என்றும் கிடைக்கிறது. அண்டை நாட்டு ஊரொன்றில் அதே பெயருடைய கோல் 372.0 செ.மீ., திட்டப்பிழை 0.3 எனக் கிடைக்கிறது. வேறுபாடு 4.8 செ.மீ. இரு திட்டப்பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் கண்டால் வேறுபாட்டுக்குரிய திட்டப்பிழை 0.36 செ.மீ. வேறுபாடு அதனைப் போல் பதின்மூன்று மடங்கு. இத்தகைய வேறுபாடு ஒழுங்கற்ற பிழையால் நேர வழியில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வரும் 369.6 செ.மீ. கோல் எந்த ஊராரும் என்றும் கையாளாத கோலாகும்.

இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் தேடுவதே ஆய்வாளர் கடன். இரு நாட்டாரும் வெவ்வேறு சாணைக் கொண்டிருக்கலாம். இடைக்காலத்தில் கோல் திருத்தப்பட்டிருக்கலாம். ஒரு கோலின் முனைக்கல் திருப்பணியின்போது இடம்மாறி இணைக்கப்பட்டிருக்கலாம். ஓர் அளவீட்டில் மொத்தப் பிழையோ முறையான பிழையோ இருக்கலாம். கணிதம் இவற்றுள் எது உண்மை எனக் கூறாது. தேட வேண்டிய வேறுபாடு எது, பொருட்படுத்த வேண்டாத வேறுபாடு எது என்பதை மட்டும் பிரித்துக் காட்டும்.

பரப்பில் இதன் விளைவு பெரிது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி எனும் கணக்கில், முதற் கோலால் ஒரு வேலி ஏறத்தாழ 26,970 சதுர மீட்டர். இரண்டாவதால் ஏறத்தாழ 27,680 சதுர மீட்டர். ஒரு வேலிக்கு 710 சதுர மீட்டர் வேறுபடுகிறது. ஒரே அளவு நெல் வரியாக விதிக்கப்பட்டிருப்பின், நீண்ட கோலை உடைய ஊரார் அலகு நிலத்துக்குக் குறைந்த வரியே செலுத்தினர் என்றாகும். சராசரி கண்டவிடத்து இவ்வரலாற்றுச் செய்தி மறைந்துபோகும்.

எண்ணின் நுண்மையையும் அளவின் திருத்தத்தையும் ஒன்றாகக் கருதும் மயக்கமும் இங்கு நீங்கும். சோழர் கல்வெட்டுகள் நிலப்பரப்பை முந்திரி, கீழ்முந்திரி முதலிய மிகச் சிறிய பின்னங்கள் வரை குறிக்கின்றன. முந்திரி 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அதனினும் 320இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. மேற்கண்ட வேலியில் ஒரு கீழ்முந்திரி ஏறத்தாழ கால் சதுர மீட்டரே. ஆனால் கோல் நீளத்தை 0.2 செ.மீ. திட்டப்பிழையோடு அறிந்த நிலையில், ஒரு வேலியின் பரப்பை ஏறத்தாழ 29 சதுர மீட்டர் திட்டப்பிழையோடுதான் இன்று கூற இயலும். கல்வெட்டின் பின்னம் பங்கீட்டுக் கணக்கின் நுண்மையைக் காட்டுகிறது. அதனை இன்றைய அலகுக்கு மாற்றுவோர் தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்களை எழுதுவது சான்றுக்கு மிஞ்சிய உறுதியைக் காட்டுவதாகும்.

9. சார்பற்ற சான்றுகள்

மிகை அளவீட்டின் வலிமை அளவுகள் ஒன்றையொன்று சாராதிருத்தலைப் பொறுத்தது. இதனைத் தமிழறிஞர் சுவடிப் பதிப்பின் வழி நன்கறிவர். உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். ஒரு சுவடியின் பிழையை மற்றொரு சுவடி காட்டிக்கொடுத்தது. ஆனால் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து படியெடுக்கப்பட்ட மூன்று சுவடிகள் ஒரே பிழையைக் கொண்டிருப்பின், அவற்றை மூன்று சான்றுகளாகக் கொள்ளலாகாது. எண்ணிக்கை மூன்றாயினும் சான்று ஒன்றே.

கோல் அளவீட்டிலும் இதுவே நிலை. ஒரே நாடாவால் மூவர் அளந்தால் கண்ணின் பிழை குறையும். நாடாவின் பிழை குறையாது. ஒரு நூலில் அச்சான அளவைப் பின்வந்த மூன்று நூல்கள் எடுத்தாண்டிருப்பின் அவை நான்கு அளவுகள் ஆகா. மைப்படியில் அளந்த நீளமும் கல்லில் அளந்த நீளமும் வெவ்வேறு வழிப்பட்டன. ஆனால் ஈரத்தால் தாள் நீண்டு சுருங்குவதால் மைப்படியின் அளவில் முறையான பிழை இருக்கும்.

கல்வெட்டின் உள்ளேயே சார்பற்ற மிகை கிடைப்பதும் உண்டு. நிலத்தின் நீளமும் அகலமும் கோற்கணக்கிலும், பரப்பு குழிக்கணக்கிலும் தனித்தனியே கூறப்பட்டிருப்பின், பெருக்கிப் பார்த்து மூடுபிழையைக் காணலாம். எண் சிதைந்த இடத்தில் சரியான பாடத்தைத் தேர்வதற்கும் இது துணையாகும். நான்கெல்லைகளுள் குளக்கரையோ கோயில் மதிலோ இன்றும் இருந்து, அவற்றின் இடைவெளி கோற்கணக்கில் கூறப்பட்டிருப்பின், அத்தொலைவை இன்று அளந்து கோல் எண்ணிக்கையால் வகுத்துக் கோல் நீளத்தை வேறொரு வழியில் பெறலாம். சுவர்க்கோலும் நிலத்தொலைவும் ஒத்துவந்தால், சுவரில் வெட்டப்பட்ட கோலே வயலிலும் வழங்கியது என்பது உறுதிப்படும்.

10. களப்பணிக்குரிய நெறிகள்

மேற்கண்ட விளக்கத்திலிருந்து கோல் ஆய்வுக்குரிய சில நெறிகள் பெறப்படுகின்றன. ஒவ்வொரு கோலையும் குறைந்தது இருவர், வெவ்வேறு எஃகு நாடாக்களால், ஒருவர் அளவை மற்றவர் அறியாவண்ணம் அளத்தல் வேண்டும். நாடாக்கள் களம் செல்லுமுன் ஒரு நிலையான அளவோடு ஒப்பிடப்பட வேண்டும். இடைக்குறிகள் இருப்பின் பகுதிகளையும் முழுமையையும் தனித்தனியே அளக்க வேண்டும். குறியின் உட்புறமா, நடுவா, வெளிப்புறமா எந்த இடத்திலிருந்து அளக்கப்பட்டது என்பதும், குறியின் அகலமும், சிதைவும் பதிவாக வேண்டும். கல் இணைப்புகள் கோலின் குறுக்கே வருகின்றனவா என்பதையும் குறித்தல் நன்று.

வெளியிடும்போது சராசரியை மட்டும் தராமல் தனித்தனி அளவுகள் அனைத்தையும் தருதல் இன்றியமையாதது. சராசரியிலிருந்து தனி அளவுகளைப் பின்வருவோர் மீட்டெடுக்க இயலாது. தனி அளவுகள் இருப்பின் எந்த முறையிலும் மீண்டும் இணைக்கலாம். பிறர் அளவோடு முரண்படும் அளவைக் காரணமின்றி நீக்குதலும் கூடாது.

இப்பணிக்குக் காலவரம்பும் உண்டு. சுண்ணப்பூச்சு, மணல்வீச்சுத் தூய்மையாக்கம், திருப்பணியில் கற்களைப் பிரித்து அடுக்குதல் ஆகியவற்றால் சுவர்க்கோல்களின் முனைக்குறிகள் தேய்ந்தும் மறைந்தும் வருகின்றன. ஓலைச்சுவடி அழியினும் அதன் படி வேறோர் இல்லத்தில் கிடைக்கலாம். ஓர் ஊரின் கோலுக்கு அச்சுவரைத் தவிர வேறு படி பெரும்பாலும் இல்லை. குறி அழிந்த பின், அதுவரை எழுதிவைக்கப்பட்ட அளவுகளே எஞ்சும். அந்நிலையில் ஒரே ஓர் எண் எஞ்சுமாயின் அதன் பிழையை எவராலும் அறிய இயலாது.

11. முடிவுரை

நூலில் மிகை குற்றமாகக் கருதப்பட்டாலும் அளவீட்டில் அது சான்றுக்குக் காப்பாகிறது. மீச்சிறு வர்க்க முறை மிகை அளவுகளிலிருந்து மூன்று பயன்களைப் பெற்றுத் தருகிறது: விருப்பு வெறுப்பற்ற ஒரு மதிப்பு, அம்மதிப்பின் நம்பக எல்லை, அளவுகள் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்னும் சோதனை. இம்மூன்றனுள் தமிழக நில அளவை வரலாற்றுக்கு மிகவும் வேண்டப்படுவது மூன்றாவதே. கோல்கள் பலவாக இருந்த நாட்டில் அவற்றை ஒன்றாக்கிக் காண்பதும், ஒன்றாக இருந்ததை அளவீட்டுப் பிழையால் பலவாக்கிக் காண்பதும் ஆகிய இரு வழுக்களும் நேரக்கூடும். புதுக்கோட்டை வட்டாரக் கோல்கள் அனைத்தும் தனித்தனி அளவுகளோடும் திட்டப்பிழைகளோடும் பட்டியலிடப்படுமாயின், சோழநாட்டுக் கோல் எவ்வெல்லை வரை வழங்கியது, பாண்டிநாட்டுக் கோல் எங்குத் தொடங்கியது என்னும் வினாக்களுக்குச் சான்றின் அளவறிந்த விடைகள் கிடைக்கும். குறிகள் தெளிவாக எஞ்சியுள்ள காலத்திலேயே அப்பட்டியல் தொகுக்கப்படல் வேண்டும்.